திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத் திருச்சபை வாழ்வும் ஆன்மிக வாசிப்பு நூல்களும்: தேர்வு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் அச்சு வரலாறு கிறித்தவ வழிபாட்டு நூல்களோடு தொடங்குகிறது. எனினும் இறையடியார் ஒருவர் தம் ஆன்மிக வளர்ச்சிக்காகவும் திருச்சபை வாழ்வுக்காகவும் எவற்றைப் படிக்க வேண்டும் என்னும் வினா தமிழாய்வுப் புலத்தில் போதிய அளவு பேசப்படவில்லை. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் கத்தோலிக்கம், தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் ஆகிய மரபுகள் அருகருகே வாழ்கின்றன. 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தை வெளியிட்ட நடுநிலையம் திண்டிவனத்தில் உள்ளது. இவ்வட்டாரத்தை மையமாகக் கொண்டு திருமறை, பாட்டும் மன்றாட்டும், அகவாழ்வு நூல்கள், அடியார் வரலாறு, சபைவாழ்வு நூல்கள் என்னும் ஐந்து பிரிவுகளில் பரிந்துரைக்கத்தக்க நூல்களை இக்கட்டுரை விளக்குகிறது. அவற்றைத் தெரிவுசெய்வதற்கான அளவுகோல்களையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: திருவிவிலியம், திண்டிவனம், கிறித்தவத் தமிழ், ஆன்மிக வாசிப்பு, வேதியர் ஒழுக்கம், இரட்சணிய யாத்திரிகம், அடியார் வரலாறு, சபைவாழ்வு

முன்னுரை

கிறித்தவத் தமிழ் இலக்கியம் என்றவுடன் தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம், பெத்லகேம் குறவஞ்சி போன்ற செய்யுள் நூல்களே தமிழ்த்துறைகளில் முதலில் நினைக்கப்படுகின்றன. அகராதி, இலக்கணம், உரைநடை ஆகியவற்றுக்கு மறைப்பணியாளர் ஆற்றிய தொண்டும் விரிவாக எழுதப்பட்டுள்ளது. ஆனால் ஒரு குடும்பம் இரவில் விளக்கேற்றி வாசிக்கும் நூல், உபதேசியார் ஊர் ஊராக எடுத்துச் சென்ற கையேடு, பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும் சரிதை ஆகியவை பெரும்பாலும் 'சமயப் பரப்பு நூல்கள்' என ஒதுக்கப்பட்டுவிட்டன. இவ்வொதுக்கம் இரு வகையில் இழப்பாகிறது. மக்கள் வாசித்த தமிழின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி ஆவணப்படாமல் போகிறது என்பது முதலாவது. எந்நூலை ஏன் படிக்க வேண்டும் என்று சபையாருக்குச் சொல்லும் பொறுப்பு ஆய்வறிவின் துணையின்றியே நடைபெறுகிறது என்பது இரண்டாவது.

நூல்களைப் பரிந்துரைப்பது எளிய செயலாகத் தோன்றலாம். உண்மையில் அது ஒரு சமூகம் எந்தத் தமிழில் இறைவனை அழைக்க வேண்டும், யாரைச் சான்றோராகக் கொள்ள வேண்டும், தன் குறைகளை எங்ஙனம் காண வேண்டும் என்பவற்றை முடிவுசெய்யும் செயலாகும். அம்முடிவின் பின்விளைவுகளை ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தின் வழியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வட்டாரமும் திருச்சபைகளும்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இந்நிலப்பகுதியில் மூன்று மறைப்பணி மரபுகள் தடம் பதித்தன. புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிசு வேதபோதக சபையின் கத்தோலிக்கப் பணி ஒன்று. 1953 முதல் புதுச்சேரி-கடலூர் எனப் பெயர் வழங்கும் உயர்மறைமாவட்டம் அதன் தொடர்ச்சியாகும். 1853இல் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்களால் அமைக்கப்பட்ட அமெரிக்க ஆற்காடு மிஷன் இரண்டாவது. திண்டிவனம் அம்மிஷனின் நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அம்மரபு அதனுள் அடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் டென்மார்க்கு நாட்டு மிஷன் சங்கம் தொடங்கிய லுத்தரன் பணி மூன்றாவது. அது ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக நிலைபெற்றது.

ஆகவே ஒரே பேருந்தில் பயணம் செய்யும், ஒரே சந்தையில் பொருள் வாங்கும் கிறித்தவர்கள் மூன்று வெவ்வேறு நூல்மரபுகளுக்கு உரியவர்களாக உள்ளனர். இவர்கள் ஒருவர் மற்றவருடைய நூலை வாசிக்கும்போது எதிர்கொள்ளும் முதல் தடை பெரும்பாலும் கோட்பாடன்று, சொல்லே. இக்கருத்தை மூன்றாம் பகுதி விளக்குகிறது.

2. பரிந்துரைக்கும் மரபு

இன்ன நூலைப் படிக்க என்று வழிகாட்டும் மரபு தமிழ்க் கிறித்தவத்திற்குப் புதிதன்று. அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் 16 பக்கங்களே கொண்ட சிறுநூல். மறுஆண்டில் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வெளிவந்தது. 1586இல் அடியார் வரலாறு அச்சேறியது. மன்றாட்டு, மறைக்கல்வி, புனிதர் சரிதை என்னும் மூன்று வகைகளும் எட்டே ஆண்டுகளில் தமிழில் அச்சுவடிவம் பெற்றன என்பது குறிப்பிடத்தக்கது. வேண்டுதல், கற்றல், பின்பற்றுதல் என்னும் முப்படிநிலை இவ்வரிசையில் அமைந்திருப்பதை உணரலாம். இன்றைய எந்தப் பரிந்துரைப் பட்டியலும் இம்மூன்றனுள் ஒன்றைக் கைவிட்டால் குறையுடையதாகும்.

18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715இல் அச்சிட்டு முடித்தார். சீர்திருத்தச் சபை மரபில் இறைநூலைத் தாமே வாசித்தல் ஒவ்வோர் அடியாரின் கடமையாயிற்று. எழுதப் படிக்கக் கற்பித்தல் சபைப் பணியின் ஒரு பகுதியானதற்கு இதுவே காரணம்.

19ஆம் நூற்றாண்டில் ஜான் மர்டாக் இம்மரபை நூலடைவாக வளர்த்தார். 1858இல் தொடங்கப்பட்ட கிறித்தவ நாட்டுமொழிக் கல்விச் சங்கத்தின் முகவராகப் பணியாற்றிய அவர், 1865இல் சென்னையில் தமிழ் அச்சுநூல்களின் வகைப்படுத்திய பட்டியலை முகவுரைக் குறிப்புகளுடன் வெளியிட்டார். தம் சபையாரின் நூல்களோடு பிற சமயத்தார் நூல்களையும் அதில் அவர் வகைப்படுத்தினார். அச்சங்கமே 1891இல் கிறித்தவ இலக்கியச் சங்கம் எனப் பெயர் மாறியது. பரிந்துரைப்பவர் முதலில் நூல்களை அறிந்தவராக இருத்தல் வேண்டும் என்னும் நெறியை மர்டாக்கின் பட்டியல் காட்டுகிறது.

3. திருமறை: ஒரே வட்டாரத்தில் இரு தமிழ்

ஆன்மிக வாசிப்பின் அடித்தளம் திருமறை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்தத் திருமறை என்பதே வினா. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் நிறைவுபெற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பே சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ளது. எல். பி. லார்சன் தலைமையில் உருவான 1936ஆம் ஆண்டுத் திருத்திய மொழிபெயர்ப்பு அதன் இடத்தைப் பெறவில்லை. மனப்பாடம் செய்த வசனங்களும், அவற்றின் சொற்களைத் தாங்கிய பாடல்களும், பொதுமன்றாட்டின் ஓசையும் பழைய மொழிபெயர்ப்போடு பிணைந்திருந்தமையே இதற்குக் காரணம் எனலாம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் நிலைமை வேறாக அமைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் அறிவித்த இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் ஆறாம் அதிகாரம், திருமறை இறைமக்கள் அனைவருக்கும் எளிதில் கிட்ட வேண்டும் என்றது. மூலமொழிகளிலிருந்து பெயர்க்கவும், வாய்ப்புள்ள இடத்தில் பிற சபையாரோடு இணைந்து பெயர்க்கவும் அது வழிவிட்டது. புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டக் குருவாகிய து. ச. அமலோற்பவதாஸ் 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தைத் தொடங்கினார். அத்துறைகளுக்கான தமிழக நடுநிலையம் திண்டிவனத்தில் இயங்குகிறது. கத்தோலிக்கரும் பிற சபை அறிஞரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை 1995இல் அந்நடுநிலையம் வெளியிட்டது. முந்தைய கத்தோலிக்க மொழிபெயர்ப்புகள் பெரிதும் இலத்தீன் வுல்காத்தாவை அடியொற்றியவை. இதுவோ எபிரேய, கிரேக்க மூலங்களை நோக்கியது.

இவ்விரு மொழிபெயர்ப்புகளின் சொற்றொகுதி வேறுபாட்டைக் கீழ்வரும் சான்றுகள் காட்டும். ஒவ்வோர் இணையிலும் முதற்சொல் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புக்கும் அடுத்த சொல் திருவிவிலியத்திற்கும் உரியது.

ஆதியாகமம் - தொடக்கநூல்
யாத்திராகமம் - விடுதலைப் பயணம்
நியாயாதிபதிகள் - நீதித் தலைவர்கள்
சங்கீதம் - திருப்பாடல்கள்
சுவிசேஷம் - நற்செய்தி
தீர்க்கதரிசி - இறைவாக்கினர்
அப்போஸ்தலர் - திருத்தூதர்
ஞானஸ்நானம் - திருமுழுக்கு
பரிசுத்த ஆவி - தூய ஆவி

இவ்வேறுபாடு வடசொல், தமிழ்ச்சொல் என்னும் அளவில் நிற்பதன்று. 'யாத்திராகமம்' என்பது பயணத்தைச் சுட்டுகிறது. 'விடுதலைப் பயணம்' என்பது அப்பயணத்தின் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. அடிமைத்தளையினின்று மீண்ட மக்களின் வரலாறு அது என்பது தலைப்பிலேயே புலனாகிறது. 'தீர்க்கதரிசி' என்னும் சொல் வருவதுரைப்பவரை நினைவூட்டுகிறது. 'இறைவாக்கினர்' என்பதோ இறைவனின் சொல்லை நிகழ்காலத்தில் எடுத்துரைப்பவரைக் குறிக்கிறது. ஆமோசு போன்றோரின் நூல்களை ஒரு சபை எவ்வாறு வாசிக்கும் என்பதை இச்சொற்றேர்வு மாற்றிவிடக்கூடும். திருமுகங்களில் 'சகோதரரே' என்னும் விளி 'சகோதர சகோதரிகளே' என விரிந்ததும் அத்தகையதே. கோவிலின் ஒரு பாதியில் அமர்ந்திருக்கும் பெண்கள் அவ்விளியால் நேரே அழைக்கப்படுகின்றனர்.

பழைய மொழிபெயர்ப்பைக் கைவிட வேண்டும் என்பது இதன் முடிவன்று. ஒன்றரை நூற்றாண்டாக நோயிலும் இறப்பிலும் ஓதப்பட்ட சொற்களுக்கு அகராதிப் பொருளைக் கடந்த ஆற்றல் உண்டு. 'கர்த்தர்' என்னும் சொல்லில் ஒரு பாட்டியின் குரல் கேட்கும் சபையாருக்கு 'ஆண்டவர்' என்பது உடனடி மாற்றாக அமையாது. ஆகவே ஒரே பகுதியை இரு மொழிபெயர்ப்புகளிலும் வாசிப்பதே பரிந்துரைக்கத்தக்க முறை. கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்களும் சீர்திருத்தச் சபைப் பதிப்பில் 66 நூல்களும் இருப்பதன் காரணத்தையும் வாசிப்பவர் அறிந்திருத்தல் வேண்டும். இணைத் திருமுறை நூல்கள் என வழங்கும் தோபித்து, சீராக்கின் ஞானம் முதலியவற்றைச் சீர்திருத்தச் சபையார் இறைநூலாக ஏற்காவிடினும், அறநூல் மரபில் தோய்ந்த தமிழ் வாசகர்க்கு அவை அணுக்கமாகவே இருக்கும்.

4. பாட்டும் மன்றாட்டும்

வாசிப்பு என்பதைக் கண்ணால் எழுத்தைத் தொடர்தல் என்று மட்டும் கொண்டால், எழுத்தறிவு குறைந்த தலைமுறைகளின் ஆன்மிகத்தை அறியவியலாது. அவர்களுக்குப் பாட்டுநூலே இறையியல் நூலாகவும் அமைந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய பாடல்கள் சபை எல்லைகளைக் கடந்து வழங்குகின்றன. சீர்திருத்தச் சபைகளில் கீர்த்தனை, பாமாலை, ஞானப்பாட்டு என்னும் தொகுப்புகள் உள்ளன. கீர்த்தனை தமிழிசையில் பிறந்தது. பாமாலையும் ஞானப்பாட்டும் பெரிதும் ஐரோப்பிய மெட்டுக்கு அமைந்த மொழிபெயர்ப்புகள்.

ஆன்மிக வளர்ச்சிக்குரிய நூல்களைப் பட்டியலிடுவோர் இவற்றைப் 'படிக்கும் நூல்' எனக் கருதாமல் விட்டுவிடுவது வழக்கம். பாட்டைப் பாடாமல், ஒரு முறை உரைநடை போல் மெதுவாக வாசிக்கும்போது அதன் இறையியல் தெளிவாகும். எந்தப் பாடலில் இறைவன் அரசனாக, எதில் தாயாக, எதில் மேய்ப்பனாக வருகிறான் என்பதைக் குறித்துக்கொள்வது அன்பியக் கூட்டத்திலோ ஓய்வுநாள் பள்ளியிலோ மேற்கொள்ளத்தக்க எளிய பயிற்சியாகும்.

இங்கு மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940–2005) நினைக்கத்தக்கவர். கருநாடக இசை சார்ந்த கீர்த்தனை மரபு ஒடுக்கப்பட்ட மக்களின் இசையன்று என்று கண்ட அவர், நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறையையும் பாடல்களையும் அமைத்தார். தலித் மக்கள் பெருமளவில் வாழும் வடதமிழக ஊர்ச் சபைகளுக்கு அவருடைய பாடல்கள் கீர்த்தனைத் தொகுப்போடு ஒருசேர வைத்துப் பார்க்கப்பட வேண்டியவை.

5. அகவாழ்வு நூல்கள்

15ஆம் நூற்றாண்டில் தாமஸ் அ கெம்பிஸ் இலத்தீனில் எழுதிய நூல் 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' என்னும் பெயரில் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்கிவருகிறது. துறவற இல்லத்தாருக்கென எழுதப்பட்ட இந்நூல் தன்னடக்கம், தனிமை, நற்கருணைப் பற்று ஆகியவற்றைச் சிறுசிறு அதிகாரங்களில் பேசுகிறது. நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் என வாசிக்க ஏற்றது. எனினும் அது உலக வாழ்வைத் துறத்தலை வலியுறுத்துவதால், குடும்பப் பொறுப்புடையோர் அதனை வேறொரு நூலோடு இணைத்துப் படிப்பதே தகும்.

சீர்திருத்தச் சபை மரபில் அதற்கு இணையான இடம் ஜான் பனியனின் நூலுக்கு உண்டு. அதன் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்னும் பெயரால் அறியப்படும் இந்நூலின் கதைத்தலைவன் இல்லறத்தான். அவன் பாதையில் சேறு, மலை, சந்தை, சிறை எல்லாம் உண்டு. அகப்போராட்டத்தைப் புறப்பயணமாகக் காட்டும் இம்முறை, எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இக்கதையைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பராமாயணத்தில் ஆழ்ந்த அவர், ஆங்கில உரைநடைக் கதையை 3700க்கும் மேற்பட்ட விருத்தங்களால் ஆகிய காப்பியமாக்கினார். இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களையும் அமைத்தார். தமிழ்த்துறைகள் இந்நூலைக் காப்பிய இலக்கணம், கம்பன் தாக்கம் என்னும் நோக்கில் ஆராய்ந்துள்ளன. சபைகளோ அதனைப் பெயரளவில் பெருமையாகக் குறிப்பிட்டு, வாசிப்பில் இருந்து விலக்கிவிட்டன. நடை கடினம் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். முழுக் காப்பியத்தையும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. தேவாரப் பகுதிகளை மட்டும் பதம்பிரித்து எளிய உரையுடன் அளித்தால் சபையார் வாசிக்கவியலும். தமிழ் விரிவுரையாளர்கள் தம் வட்டாரச் சபைகளுக்குச் செய்யக்கூடிய நேரடித் தொண்டு இதுவாகும்.

மோட்சப் பிரயாணத்தையும் இரட்சணிய யாத்திரிகத்தின் சில பகுதிகளையும் இணைத்து வாசிப்பவர், ஒரு நூல் மொழிபெயர்க்கப்படுவதற்கும் ஒரு மண்ணில் மறுபடி பிறப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்வர். இக்காலத்தில் சபைகளில் விற்பனையாகும் ஆன்மிக நூல்கள் பலவும் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. அவற்றின் எடுத்துக்காட்டுகள் அயல்நாட்டு நகர வாழ்விலிருந்து வருகின்றன. கரும்பு வெட்டும் கூலியாளுக்கோ சென்னைக்கு வேலை தேடிச் செல்லும் இளைஞருக்கோ அவற்றின் அறிவுரை எவ்வாறு பொருந்தும் என்பதை வாசிப்புக்குழுவே எடுத்துரைக்க வேண்டியுள்ளது.

6. அடியார் வரலாறு: திண்டிவனத்தின் ஓர் இரவு

வாழ்க்கை வரலாறு வாயிலாக ஆன்மிகத்தை ஊட்டும் முறை 1586ஆம் ஆண்டு அடியார் வரலாற்றிலிருந்தே தமிழில் தொடர்கிறது. இவ்வட்டாரத்திற்கே உரிய வரலாறு ஒன்று உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் கல்வி பயின்றபின், நோயுற்ற தாய்க்குத் துணையாக 1890இல் திண்டிவனம் வந்திருந்தார். அவர் தந்தை மருத்துவ மறைப்பணியாளர். ஓரிரவில் வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்த மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகால வேதனையில் இருந்த தம் மனைவியருக்கு உதவ ஐடாவை அழைத்தனர். ஆண் மருத்துவர் வருவதை அவர்கள் ஏற்கவில்லை. மருத்துவம் அறியாத ஐடாவால் செல்லவியலவில்லை. விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் இறந்தனர். அந்நிகழ்வே அவரை மருத்துவம் கற்கத் தூண்டியது. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் இந்தியா திரும்பினார். வேலூரில் அவர் தொடங்கிய பணி 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது. டாரதி கிளார்க் வில்சன் எழுதி 1959இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு இதனை விரிவாகக் கூறுகிறது.

இந்நூல் இறையழைப்பு என்பதை விளக்கச் சிறந்த சான்றாகும். வானொலியோ காட்சியோ இன்றி, அண்டை வீட்டாரின் துன்பத்தின் வழியே அழைப்பு வருகிறது. எனினும் இதனைப் பரிந்துரைப்போர் மற்றொரு கோணத்தையும் சுட்ட வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் கதையில் இறந்த பெண்களின் பெயர்கள் இல்லை. அவர்களுக்கு அருகில் இருந்திருக்கக்கூடிய மருத்துவச்சிகளின் குரலும் இல்லை. திண்டிவனம் அக்கதையில் ஒரு தொடக்கப்புள்ளியாக மட்டுமே நிற்கிறது. அவ்வூரிலேயே வாழும் வாசகர் இக்கதையை ஐடாவின் பக்கத்திலிருந்தும் அப்பெண்களின் பக்கத்திலிருந்தும் வாசிக்க வேண்டும். அவ்வாறு வாசிக்கும்போது, இன்று நம் தெருவில் உதவி கிட்டாதவர் யார் என்னும் வினா எழும். வாழ்க்கை வரலாறு வியப்பில் முடியாமல் செயலுக்கு இட்டுச் செல்வது இவ்வினாவினாலேயே ஆகும்.

7. சபைவாழ்வு நூல்கள்

தனிமனித ஆன்மிகத்திற்கு நூல்கள் மிகுதி. சேர்ந்து வாழும் சபையைப் பற்றிய நூல்கள் குறைவு. ஆயினும் தமிழில் இத்துறையின் முன்னோடி நூல் ஒன்று உண்டு. வீரமாமுனிவர் 1727இல் எழுதிய வேதியர் ஒழுக்கம், உபதேசியாராகிய வேதியர்க்கு அவர்தம் பணியின் மேன்மையையும் பொறுப்பையும் உணர்த்தும் உரைநடை நூல். குருக்கள் அரிதாக வந்துபோன ஊர்களில் சபையைத் தாங்கியவர் உபதேசியாரே. பிறருக்குப் போதிப்பவர் தம் வாழ்வைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்னும் இதன் மையக்கருத்து இன்றைய சபைப் பொறுப்பாளர்க்கும் பொருந்தும். தமிழ் உரைநடை வரலாற்றில் இடம்பெற்ற இந்நூல், அது எழுதப்பட்ட நோக்கத்திற்காகவும் மீண்டும் வாசிக்கப்பட வேண்டும்.

உலக அளவில் டீட்ரிக் போன்ஹோஃபர் 1939இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட, கூடிவாழ்தல் பற்றிய சிறுநூல் ஒப்புநோக்கத்தக்கது. நாஜி ஆட்சியில் மூடப்பட்ட ஃபின்கென்வால்டே குருமடத்தின் அனுபவத்திலிருந்து பிறந்த நூல் அது. தம் மனத்திலுள்ள கற்பனைச் சபையை விரும்புவோர் கண்முன் உள்ள சபையை அழித்துவிடுவர் என்பதும், பிறர் சொல்வதைச் செவிமடுத்தலே முதல் தொண்டு என்பதும் அந்நூலின் கருத்துகள்.

செவிமடுத்தல் என்னும் அக்கருத்து இவ்வட்டாரத்தில் பொதுவான அறிவுரையாக நின்றுவிட முடியாது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஏறையூரில் 2008 மார்ச் மாதம் கத்தோலிக்கரிடையே சாதி அடிப்படையில் மோதல் ஏற்பட்டது. கல்லறை, இறுதி ஊர்வலப் பாதை, தனிப் பங்கு ஆகியவை குறித்துத் தலித் கிறித்தவர்கள் எழுப்பிய கோரிக்கைகள் அதன் பின்னணியில் இருந்தன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே நற்கருணையில் பங்குகொண்டோர், ஒரே மொழிபெயர்ப்பை வாசித்தோர், ஒரே மண்ணில் புதைக்கப்பட இயலாத நிலையை ஆன்மிக வளர்ச்சி பற்றிய எந்நூற்பட்டியலும் கண்டும் காணாமல் செல்லலாகாது.

இக்காரணத்தால் பாமாவின் 'கருக்கு' (1992) சபைவாழ்வு நூல்களின் வரிசையில் வைக்கத்தக்கது என்பது இக்கட்டுரையின் கருத்து. தன்வரலாறாகவும் தலித் இலக்கியமாகவும் அது ஆராயப்பட்டுள்ளது. அதே நூல், துறவற சபையில் சேர்ந்து பின் வெளியேறிய ஒரு கிறித்தவப் பெண் தம் திருச்சபையை நோக்கி எழுப்பும் வினாக்களின் தொகுப்புமாகும். வழிபாட்டு நூலின் அமைதி அதில் இல்லை. ஆனால் இறைவாக்கினர் நூல்களை ஏற்கும் சபை, அவற்றின் சினத்தை ஒத்த குரலை விலக்குவதற்கு நியாயம் இல்லை. வேதியர் ஒழுக்கம் பொறுப்பாளரைத் தன்னாய்வுக்கு அழைக்கிறது. கருக்கு முழுச் சபையையும் அழைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பது பயனுடைத்து.

8. தெரிவுக்கான அளவுகோல்கள்

மேற்கூறியவற்றிலிருந்து ஐந்து அளவுகோல்களை வகுக்கலாம்.

முதலாவது, மொழி அணுக்கம். நூலின் தமிழ் வாசிப்பவரின் வாழ்வோடு தொடர்புடையதா என்று காணுதல். எளிமை மட்டுமே அணுக்கமாகாது. பழகிய ஓசையும் அணுக்கமே.

இரண்டாவது, செவிவாசிப்புக்கு ஏற்பு. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் நிலையில் நூல் பொருள் தருகிறதா என்பதைப் பார்த்தல். மோட்சப் பிரயாணம் இதில் தேறும். நீண்ட வாதங்கள் கொண்ட நூல்கள் தேறுவது அரிது.

மூன்றாவது, வட்டார உண்மை. நூல் இம்மண்ணின் உழைப்பு, சாதி, பெண்கள் நிலை ஆகியவற்றைப் பேசுகிறதா, பேசாவிடில் அவற்றைப் பேச இடம் தருகிறதா என்று ஆராய்தல்.

நான்காவது, சபை கடந்த பயன். கிறிஸ்துநாதர் அனுசாரத்தை லுத்தரன் சபையாரும், மோட்சப் பிரயாணத்தைக் கத்தோலிக்கரும் வாசிக்க உதவும் சிறு சொல்விளக்கம் நூலோடு இணைக்கப்பட வேண்டும்.

ஐந்தாவது, பதிப்புத் தெளிவு. பல ஆன்மிக மொழிபெயர்ப்புகளில் மொழிபெயர்ப்பாளர் பெயரோ மூலநூலின் ஆண்டோ முதற்பதிப்பு விவரமோ இடம்பெறுவதில்லை. யார் எந்தக் காலத்தில் யாருக்குச் சொன்னது என்பது தெரியாத நூலை வாசகர் காலங்கடந்த உண்மையாகக் கொள்ள நேர்கிறது. ஆய்வாளர்க்கும் அது பெருந்தடை.

இவ்வளவுகோல்களின்படி ஓராண்டுக்குரிய வாசிப்பு வரிசையைக் கீழ்க்காணுமாறு அமைக்கலாம். முதல் காலாண்டில் விடுதலைப் பயணத்தையும் லூக்கா நற்செய்தியையும் இரு மொழிபெயர்ப்புகளில் வாசித்தல். இரண்டாம் காலாண்டில் கீர்த்தனைகளை வாசித்தலோடு மோட்சப் பிரயாணத்தையும் இரட்சணிய யாத்திரிகத் தேவாரத்தையும் இணைத்தல். மூன்றாம் காலாண்டில் ஐடா ஸ்கடர் வரலாற்றை ஊர்நோக்கில் படித்தல். நான்காம் காலாண்டில் வேதியர் ஒழுக்கத்தின் தெரிந்தெடுத்த பகுதிகளையும் கருக்கையும் வாசித்து, சபையின் நடைமுறைகளைப் பற்றிக் கலந்துரையாடுதல். தனிமனிதரில் தொடங்கிச் சமூகத்தில் முடிவது இவ்வரிசையின் அமைப்பு.

முடிவுரை

தமிழில் ஆன்மிக வாசிப்பு நூல்கள் 1578 முதல் இடையறாது வெளிவருகின்றன. அவற்றின் மொழி ஒருபடித்தானதன்று. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் ஒரே நம்பிக்கை குறைந்தது இரு தமிழில் வாழ்கிறது. அவ்விரு தமிழையும் பகையாகக் கொள்ளாமல் இணைவாசிப்பாகக் கொண்டால் சபைகளுக்கிடையே உரையாடல் எளிதாகும். அகவாழ்வு நூல்கள் மட்டும் நிறைந்த பட்டியல் சபையின் காயங்களை மறைத்துவிடும் என்பதும், சபைவாழ்வு நூல்களோடு அவற்றை இணைக்கும்போதே ஆன்மிக வளர்ச்சி என்னும் தொடர் முழுப்பொருள் பெறும் என்பதும் இக்கட்டுரையால் பெறப்படும் முடிபுகளாகும்.

மர்டாக் 1865இல் சென்னையில் இருந்து செய்த பணியை இன்று வட்டார அளவில் தொடர இயலும். ஊர்க்கோவில்களின் அலமாரிகளிலும் பழைய உபதேசியார் இல்லங்களிலும் எஞ்சியுள்ள நூல்களைப் பதிப்பு விவரத்தோடும் வாசிப்புக் குறிப்போடும் அடைவுபடுத்தும் பணியைத் தமிழ்த்துறைகள் தம் முனைவர் பட்ட ஆய்வுகளின் பகுதியாக மேற்கொள்ளலாம். கரையானும் மழையும் அந்நூல்களை அழிக்கும் முன் அப்பணி தொடங்கப்பட வேண்டும். திருவிவிலியம் வெளிவந்த ஊராகிய திண்டிவனம் அதற்குப் பொருத்தமான தொடக்கமாக அமையும்.